ஸ்டோரேஜ் டிரைவரில் எரர் ஹேண்ட்லிங் பக்: டெல்டா பிள்ளைகள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கும்பகோணத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சிலர் சேர்ந்து கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கோடு படிக்கிறோம். மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற கல்லூரிப் பிள்ளைகள்தான் அதிகம். புதிதாக ஒருவர் வந்தால் அதே கேள்விகள் மறுபடி வருகின்றன. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இங்கே பேசுவது எல்லாம் லினக்ஸ் கெர்னலை வைத்துத்தான்.

எரர் ஹேண்ட்லிங் பக் என்று எதைச் சொல்கிறீர்கள், அண்ணா?

டிரைவர் என்பது டிஸ்க் போன்ற வன்பொருளைக் கெர்னலோடு பேசவைக்கும் நிரல். அது வேலையைத் தொடங்கும்போது வரிசையாகச் சிலவற்றை வாங்குகிறது. மெமரி கேட்கிறது, இன்டரப்ட் (வன்பொருள் கெர்னலைக் கூப்பிடும் சைகை) கேட்கிறது, டிஸ்க்கைக் கெர்னலில் பதிவு செய்கிறது. நடுவில் ஏதாவது ஒரு படி தோற்றுப்போனால் டிரைவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. அதுவரை வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தோற்றதை, என்ன காரணத்தால் தோற்றது என்பதோடு, தன்னைக் கூப்பிட்டவரிடம் சொல்ல வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அது எரர் ஹேண்ட்லிங் பக்.

இரண்டாவது கடமையை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை வந்து, ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று இறங்கிக் கடைமடை வரைக்கும் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஒரு மதகு அடைத்துக்கொண்டால் மேலே இருப்பவருக்குத் தெரியாது, கடைமடையில் பயிர் காயும். எரரும் அப்படித்தான். டிஸ்க் சொன்ன எரர் டிரைவர், ஸ்கஸி அடுக்கு (டிஸ்க்குக்குக் கட்டளை அனுப்பும் பகுதி), பிளாக் அடுக்கு (படிக்க, எழுத வரும் கோரிக்கைகளைக் கையாளும் பகுதி), ஃபைல் சிஸ்டம் என்று கடந்து பயன்படுத்துகிறவரின் நிரல் வரை வந்தாக வேண்டும். வழியில் ஒரே ஒரு ஃபங்ஷன் அதைத் தொலைத்தாலும் போதும், ‘சேமித்தாயிற்று’ என்று திரையில் வந்துவிடும்.

எப்போதோ ஒருமுறை ஓடும் கோடுதானே, இவ்வளவு அக்கறை எதற்கு?

எப்போதோ ஒருமுறை ஓடுவதால்தான். தினமும் ஓடும் பாதையில் பக் இருந்தால் எழுதியவருக்கே அன்றைக்கே தெரிந்துவிடும். எரர் பாதை டிஸ்க் கெடும் அன்று, மெமரி தீரும் அன்று, கேபிள் தளரும் அன்று மட்டும் ஓடும். அன்றைக்குத்தான் அது மிகச் சரியாக வேலை செய்தாக வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தது. அதற்குப் பிறகு பல நாள் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. தெரிந்தவர் ஒருவரின் அரிசி ஆலையில் நெல் எடைக் கணக்குக்கு நான்தான் லினக்ஸ் கணினி போட்டுக் கொடுத்திருந்தேன். தினமும் சாயங்காலம் ஒரு வெளி டிஸ்க் பெட்டியில் நகல் எடுப்பார்கள். ஒருநாளும் எரர் காட்டியதில்லை. உள்ளே இருந்த டிஸ்க் செத்ததும் வெளிப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். கடைசி மூன்று வாரக் கோப்புகளில் அளவு சரியாக இருந்தது, உள்ளே வெறும் பூஜ்யங்கள்.

அந்தப் பெட்டியோடு வந்த டிரைவரின் சோர்ஸ் கைக்குக் கிடைத்தது. டிஸ்க் பதில் சொல்லாமல் நேரம் கடந்தால் போகும் பாதையில் எல்லாவற்றையும் ஒழுங்காக மூடியிருந்தார்கள். ஆனால் திருப்பித் தரும் மாறிக்கு மதிப்பு வைக்க மறந்திருந்தார்கள். அது தொடக்கத்தில் போட்ட 0 ஆகவே நின்றது. கெர்னலில் 0 என்றால் வெற்றி. மறந்துபோன அந்த ஒரு வரிக்காக மூன்று வாரத்து எடைச்சீட்டுகளை விவசாயிகளிடம் திரும்ப வாங்கி, கையால் பதிவு செய்தோம். சீட்டைத் தொலைத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையில் உட்கார்ந்தேன்.

எந்த மாதிரி பக் அதிகமாகக் கண்ணில் படுகிறது?

இதற்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, மேலே சொன்னதுதான்: தோற்ற பிறகும் 0 திரும்புவது. பார்க்க இப்படி இருக்கும். முதல் படி வெற்றி பெற்றதால் மாறியில் 0 இருக்கிறது. இரண்டாவது படி மெமரி கேட்கிறது, கிடைக்கவில்லை. கோடு நேராக வெளியேறும் இடத்துக்குத் தாவுகிறது. -12, அதாவது மெமரி இல்லை என்ற எண்ணை மாறியில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. கூப்பிட்டவர் டிரைவர் தயாராகிவிட்டது என்று நம்பி, இல்லாத இடத்தைத் தொடுவார். கெர்னல் விழும்.

இரண்டாவது, பாதியில் வாங்கியதை விட்டுவிட்டுப் போவது. ஐந்து படி உள்ள ஃபங்ஷனில் நான்கு எரர் பாதைகள் சரியாக வெளியேறும் இடத்துக்குப் போகும். பின்னாளில் வேறொருவர் நடுவில் புதிதாக ஒரு படி சேர்த்து, அங்கே மட்டும் நேரடியாக ரிட்டர்ன் எழுதியிருப்பார். மெமரி கசியும். லாக்கை, அதாவது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டைப் பிடித்தபடி வெளியேறினால் இன்னும் மோசம், அடுத்து வருகிறவர் அந்த லாக்குக்காகக் காலமெல்லாம் நிற்பார்.

மூன்றாவது, தோல்வியைத் தப்பான விதத்தில் சோதிப்பது. கெர்னல் ஃபங்ஷன்கள் தோல்வியைச் சொல்ல இரண்டு வழக்கங்கள் உண்டு. சில ‘நல்’ பாயிண்டர் (எந்த மெமரி முகவரியையும் காட்டாதது) தரும், மெமரி ஒதுக்கும் கேமல்லாக் மாதிரி. சில எரர் எண்ணையே பாயிண்டருக்குள் வைத்துத் தரும். முகவரிப் பரப்பின் கடைசி 4095 மதிப்புகளை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டாவது வகை தரும் ஃபங்ஷனை ‘நல்’தானா என்று சோதித்தால் சோதனை எப்போதும் தேறிவிடும், டிரைவர் எரர் எண்ணை முகவரி என்று நினைத்துத் தொடும். மாற்றிச் சோதித்தாலும் இதே கதி. ‘நல்’ அந்த 4095க்குள் வராது. பெயரைப் பார்த்து ஊகிக்கக் கூடாது, ஃபங்ஷனின் உடலைத் திறந்து பார்க்க வேண்டும். காலப்போக்கில் ஒரே பெயருள்ள ஃபங்ஷன் ஒரு வழக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் உண்டு. டிஸ்க் ஒதுக்கும் ஃபங்ஷனே அப்படி மாறியிருக்கிறது.

நான்காவது, ஒரே பொருளை இரண்டு தடவை விடுவிப்பது. டிவைஸைக் கெர்னலில் பதிவு செய்யும் டிவைஸ் ரெஜிஸ்டர் தோற்றால், அந்த டிவைஸின் மெமரியை கேஃப்ரீ (மெமரியை நேராக விடுவிக்கும் ஃபங்ஷன்) கொண்டு விடுவிக்கவே கூடாது, பயன்பாட்டு எண்ணிக்கையைக் குறைக்கும் புட் டிவைஸ்தான் கூப்பிட வேண்டும். அந்த ஃபங்ஷனுக்கு மேலே உள்ள குறிப்பிலேயே இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். காரணம், பதிவு தோற்றாலும் உள்ளே எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை தொடங்கிவிடுகிறது, பெயருக்கென்று தனி மெமரியும் ஒட்டிக்கொள்கிறது. நேராக கேஃப்ரீ செய்தால் அது கசியும். புட் டிவைஸும் கூப்பிட்டு, பிறகு கேஃப்ரீயும் செய்தால் இரட்டை விடுவிப்பு. ஸ்கஸி ஹோஸ்ட்டுக்கும் (டிஸ்க்குகளைக் கணினியோடு இணைக்கும் அடாப்டர்) இதே கதைதான், ஹோஸ்ட் புட் மூலமாகத்தான் விட வேண்டும்.

ஐந்தாவது வகை, கூப்பிடும் ஃபங்ஷனே எரர் சொல்ல வழியில்லாமல் இருப்பது. ஆட் டிஸ்க் என்ற ஃபங்ஷன் பல வருடம் எதையும் திருப்பித் தரவில்லை. டிஸ்க்கைப் பதிவு செய்ய முடியாமல் போனாலும் டிரைவருக்குத் தெரிய வழியில்லை. 2021இல் வந்த 5.15 கெர்னலில்தான் அது எண் திருப்பித் தர ஆரம்பித்தது. அதற்குப் பின் டிரைவர் டிரைவராகப் போய் எரர் பாதை எழுதிச் சேர்த்தார்கள். புதிதாக எழுதிய பாதைகள் என்பதால் அங்கேயும் சில பக்குகள் முளைத்தன. படித்துப் பழக நல்ல இடம் அது.

கோட்டூ (கோட்டில் வேறிடத்துக்கு நேராகத் தாவும் கட்டளை) எழுதினால் மார்க் குறைப்பேன் என்று எங்கள் சார் சொல்கிறார். கெர்னலில் எங்கு பார்த்தாலும் கோட்டூ இருக்கிறதே?

சார் சொல்வது பொதுவான நிரலுக்குச் சரி. கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணமே வெளியேறும் இடத்தை ஒன்றாக்குவதற்குக் கோட்டூவைப் பரிந்துரைக்கிறது. கும்பாபிஷேகத்துக்காகக் கோபுரத்தில் சாரம் கட்டியதைப் பார்த்திருப்பீர்கள். கீழிருந்து மேலே கட்டுகிறார்கள், பிரிக்கும்போது மேலிருந்து கீழே வருகிறார்கள். மூன்றாம் அடுக்கு கட்டும்போது வேலை நின்றால் இரண்டாவதிலிருந்து பிரித்துக்கொண்டு இறங்க வேண்டும். அடியிலிருந்து உருவினால் ஆள் விழுவார்.

ஃபங்ஷனின் அடியில் லேபிள்களும் (கோட்டூ தாவிப் போகும் இடங்களின் பெயர்கள்) அப்படியே தலைகீழ் வரிசையில் நிற்கின்றன. எந்தப் படி தோற்றதோ, அதற்கு முந்தின படியை அவிழ்க்கும் லேபிளுக்குத் தாவினால் அங்கிருந்து ஒவ்வொன்றாக அவிழ்ந்து வரும். லேபிளுக்கு ‘எரர் 1’, ‘எரர் 2’ என்று பெயர் வைக்காதீர்கள். நடுவில் ஒரு படி சேர்த்தால் எண்கள் குழம்பும். ‘பஃபரை விடு’, ‘க்யூவை மூடு’ என்று செய்யும் வேலையே பெயராக இருக்கட்டும்.

இப்போது ஸ்கோப் (ஒரு மாறி உயிரோடிருக்கும் கோட்டுப் பகுதி) முடிந்ததும் தானே விடுவிக்கும் வசதியும் கெர்னலில் இருக்கிறது, 6.5இல் சேர்ந்தது. டெவ்எம் என்று தொடங்கும் ஃபங்ஷன்கள் அதற்கு வெகு முன்பிருந்தே உண்டு, டிவைஸ் பிரியும்போது அவை வாங்கியது தானாகத் திரும்பிவிடும். நல்லவைதான். ஆனால் கோட்டூவையும் தானியங்கி விடுவிப்பையும் ஒரே ஃபங்ஷனில் கலக்காதீர்கள். டெவ்எம் மூலம் வாங்கிய மெமரியை எரர் பாதையில் கையாலும் விடுவித்திருக்கும் டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டிஸ்க் பதிலே சொல்லாவிட்டால் என்ன நடக்கும்?

ஸ்கஸி டிஸ்க்குக்கு வழக்கமான காத்திருப்பு 30 விநாடி. அது கடந்தால் கெர்னல் முதலில் அந்த ஒரு கட்டளையை மட்டும் ரத்து செய்யப் பார்க்கும். முடியாவிட்டால் டிவைஸை ரீசெட் செய்யும். அப்புறம் டார்கெட் (டிஸ்க் இருக்கும் சாதனம்), அப்புறம் பஸ் (சாதனங்களை இணைக்கும் தரவு வழி), கடைசியாக ஹோஸ்ட் அடாப்டரையே ரீசெட் செய்யும். எதற்கும் மசியாவிட்டால் டிஸ்க்கை ஆஃப்லைன் என்று ஒதுக்கிவிடும். கட்டளை ரத்தோடு முடியாமல் ரீசெட் வரைக்கும் போனால், மீட்பு முடியும் வரை அந்த ஹோஸ்டில் உள்ள மற்ற டிஸ்க்குகளுக்கும் புதுக் கட்டளை போகாது. ஒரு டிஸ்க் கெட்டதற்கு மொத்தக் கணினியும் உறைந்தது போல் நிற்கிறதே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

டிரைவர் எழுதுகிறவருக்கு இங்கே ஒரு கண்ணி உண்டு. நேரம் கடந்துவிட்டது என்று கெர்னல் முடிவெடுக்கும் அதே நொடியில் டிஸ்க்கிலிருந்து பதில் வந்துவிடலாம். இருவரும் ஒரே கட்டளையை முடித்துவைக்கப் பார்ப்பார்கள். யார் முடிப்பது என்பதை டிரைவர் ஒரு இடத்தில் தீர்மானிக்க வேண்டும். இல்லாவிட்டால் விடுவித்த மெமரியில் டிஸ்க்கின் தரவு வந்து எழுதப்படும். அந்த மெமரி அதற்குள் வேறு யாருக்கோ போயிருக்கும். ரத்து செய்தேன் என்று டிரைவர் வெற்றி திருப்பினால், இனி அந்த மெமரியை வன்பொருள் தொடாது என்று கெர்னல் நம்புகிறது. உறுதியாகத் தெரியாதபோது தோல்வி என்று சொல்லி, அடுத்த படியான ரீசெட்டுக்குப் போக விடுவதே சரி.

டிரைவர் உண்மையைச் சொல்லிவிட்டால் போதுமா? மேலே தொலைந்தால்?

தொலைந்திருக்கிறது. 2018இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக்காரர்கள் கண்டுபிடித்தது இது. எழுதியதை டிஸ்க்கில் நிச்சயப்படுத்து என்று எஃப்சிங்க் கூப்பிடுகிறார்கள், எரர் வருகிறது. மறுபடி கூப்பிடுகிறார்கள், வெற்றி என்று வருகிறது. ஆனால் தரவு டிஸ்க்கில் இல்லை. எழுதத் தோற்ற பக்கங்களை (மெமரியில் தரவு இருக்கும் துண்டுகள்) லினக்ஸ் சுத்தமானவை, அதாவது எழுதி முடிந்தவை என்று குறித்துவிடுவதால் இரண்டாவது முறை எழுத எதுவும் மிச்சமில்லை. 4.13 கெர்னலில் எரரை நினைவில் வைக்கும் முறையை மேம்படுத்தியிருந்தார்கள், அப்படியும் எல்லா நிலைமையும் அடங்கவில்லை. 2019 பிப்ரவரி வெளியீடுகளிலிருந்து போஸ்ட்கிரெஸ், எஃப்சிங்க் தோற்றால் அப்படியே நின்று, மீட்புப் பதிவிலிருந்து தொடங்குகிறது. ஒரு எரர் ஒரு முறைதான் கதவைத் தட்டும் என்று வைத்துக்கொண்டு எழுத வேண்டியிருக்கிறது.

இதைச் சோதிக்க டிஸ்க் கெட்டுப்போகும் வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். கெடுத்துக் காட்டும் கருவிகள் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன.

ஸ்கஸி டீபக் என்ற மாட்யூல் (கெர்னலில் தேவைப்படும்போது ஏற்றும் துண்டு) மெமரியில் ஒரு போலி ஸ்கஸி டிஸ்க்கை உண்டாக்கும். எரர் தரச் சொன்னால் தரும், பதிலே சொல்லாதே என்றால் சும்மா இருக்கும். ஒரு டிஸ்க்கின் மேல் இன்னொரு டிஸ்க்கைக் காட்டும் டிவைஸ் மேப்பரில் ஃப்ளேக்கி என்ற இலக்கு சில விநாடி ஒழுங்காகவும் சில விநாடி கெட்டும் நடக்கும். டஸ்ட் என்பது குறிப்பிட்ட பிளாக்குகளை மட்டும் கெட்டவையாகக் காட்டும். மெமரி ஒதுக்கீட்டைத் தோற்கடிக்க ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் வசதி உண்டு. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, எத்தனையாவது ஒதுக்கீடு தோற்க வேண்டும் என்று எண் கொடுக்கும் வழி. 1 கொடுத்து டிரைவரை ஏற்றுங்கள், பிறகு 2, பிறகு 3. இப்படி ஒவ்வொரு எரர் பாதையையும் வரிசையாக ஓட வைக்கலாம். கூடவே மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கேசானையும் கசிவைத் தேடும் கேமெம்லீக்கையும் போட்டு வைத்தால் இரட்டை விடுவிப்பும் கசிவும் பிடிபடும்.

இதெல்லாம் க்யூஇஎம்யூ மெய்நிகர் கணினிக்குள் செய்யுங்கள். வீட்டுக் கணினியின் நிஜ டிஸ்க்கில் வேண்டாம்.

என்னிடம் இருப்பது பழைய மடிக்கணினி. ஊரில் மின்வெட்டு வேறு. முடியுமா?

முடியும். 8 ஜிபி மெமரி இருந்தால் போதும். தேவையான மாட்யூல்களை மட்டும் வைத்துச் சின்னக் கெர்னலாகக் கட்டினால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். முதல் தடவை முழுவதும் கட்டிய பிறகு, மாற்றிய கோப்பு மட்டும்தான் மறுபடி கட்டப்படும். இந்த வேலையில் பெரும்பகுதி படிப்பதுதான், கோட்டைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தும் செய்யலாம். சி மொழியில் பாயிண்டர் பயமில்லாமல் இருந்தால் தொடங்கிவிடலாம்.

கருவி காட்டிய எச்சரிக்கையை அப்படியே திருத்தி அனுப்பலாமா?

கூடாது. ஸ்மாட்ச், காக்சினெல் இரண்டும் கோட்டை ஓட்டாமலே படித்துப் பிழை தேடும் அருமையான கருவிகள். எரர் எண் வைக்க மறந்த இடம், அவிழ்க்காமல் வெளியேறிய இடம், பாயிண்டரைத் தப்பாகச் சோதித்த இடம் என்று சுட்டிக்காட்டும். ஆனால் அந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிறவர் என்ன செய்கிறார் என்பது எப்போதும் கருவிக்குத் தெரியாது. கசிகிறது என்று கருவி சொன்ன இடத்தில் ஒரு பிள்ளை கேஃப்ரீ சேர்த்தான். தோல்வி வந்தால் கூப்பிட்டவரே விடுவிக்கிறார் என்பதை அவன் பார்க்கவில்லை. கசிவே இல்லாத இடத்தில் இரட்டை விடுவிப்பு வந்துவிட்டது. கசிவு மெமரியை வீணாக்கும், இரட்டை விடுவிப்பு கணினியையே பிறர் கைக்குக் கொடுத்துவிடக்கூடும். எனவே கூப்பிடும் எல்லா இடத்தையும் பார்த்த பிறகே கை வையுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2021இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றைச் சேர்ந்தவர்கள், சிறு திருத்தம் போல் தோன்றும் பேட்ச்களில் (கெர்னலுக்கு அனுப்பும் கோடு மாற்றங்கள்) வேண்டுமென்றே பிழை வைத்து அனுப்பிப் பார்த்தது வெளியே வந்தது. அங்கிருந்து முன்பு வந்த பேட்ச்களை எல்லாம் பராமரிப்பாளர்கள் மறுபடி உட்கார்ந்து சரிபார்த்தார்கள். அதனால் தெரியாத பெயரிலிருந்து வரும் எரர் பாதைத் திருத்தத்தை அவர்கள் கூர்ந்துதான் பார்ப்பார்கள். கேள்வி கேட்டால் மனம் வாட வேண்டாம்.

பேட்சில் என்ன எழுத வேண்டும்?

என்ன தோற்றால், எந்த வழியாக, என்ன கெடும் என்று மூன்றையும் எழுதுங்கள். ‘மெமரி கசிவைச் சரிசெய்தேன்’ என்று மட்டும் எழுதினால் போதாது. பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்பதை கிட் (கோடு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வரலாற்றில் தேடி, ஃபிக்ஸஸ் என்ற வரியில் அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளையும் தலைப்பையும் தர வேண்டும். பழைய கெர்னல்களுக்கு இந்தத் திருத்தத்தைக் கொண்டுபோகிறவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். அந்தத் தேடல் வேறு வகையிலும் உதவும். பல தடவை, எழுதியவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது அங்கே தெரிந்து, இது பக்கே இல்லை என்று புரிந்துபோகும்.

ஒரு பேட்சில் ஒரே திருத்தம். இடைவெளி சீர்செய்வதை அதோடு சேர்க்காதீர்கள். உங்கள் சொந்தப் பெயரில் கையொப்ப வரி இருக்கட்டும். வெற்று உரை மின்னஞ்சல்தான் ஏற்பார்கள். யாருக்கு அனுப்புவது என்பதை கெர்னலோடு வரும் கெட் மெயின்டெயினர் ஸ்கிரிப்ட் சொல்லும். அந்த வன்பொருள் உங்களிடம் இல்லாவிட்டால் ‘கட்டிப் பார்த்தேன், ஓட்டிப் பார்க்கவில்லை’ என்று எழுதிவிடுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஓட்டாமலே ஓட்டியதாகச் சொல்வதுதான் தப்பு.

ரஸ்ட் மொழி வந்துவிட்டால் இந்த பக் எல்லாம் போய்விடாதா?

விடுவிக்க மறப்பதும் இரட்டை விடுவிப்பும் வெகுவாகக் குறையும். 6.11 கெர்னலில் நல் பிளாக் (நிஜ டிஸ்க் இல்லாத, சோதனைக்கான) டிரைவரின் ரஸ்ட் வடிவம் சேர்ந்தது, படித்துப் பாருங்கள். ஆனால் நேரம் கடந்த கட்டளைக்கு எந்த எரர் சொல்வது, எப்போது ரீசெட் செய்வது என்பதை மொழி முடிவு செய்யாது. சி-யில் எழுதிய டிரைவர்களும் இன்னும் பல காலம் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி அண்ணா, முதலில் எந்தக் கோப்பைத் திறப்பது?

பிஆர்டி என்ற ராம் டிஸ்க் (மெமரியையே டிஸ்க்காகக் காட்டுவது) டிரைவர். சின்னது, வன்பொருள் தேவையில்லை. அதில் டிஸ்க்கை உண்டாக்கும் ஃபங்ஷனை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில், இந்த இடத்தில் தோற்றால் கையில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள். பிறகு அடியில் உள்ள லேபிள்களோடு ஒப்பிடுங்கள். அது முடிந்ததும் ஃபால்ட் இன்ஜெக்‌ஷனில் 1, 2, 3 என்று கொடுத்து, தாளில் எழுதியபடிதான் நடக்கிறதா என்று பாருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.